மார்த்தாண்டத்து டிசைன் கடைக்கு ஏ.ஐ. எதற்கு உதவும், எங்கே காலை வாரிவிடும்?

கேள்வி இதுதான்: "மார்த்தாண்டத்தில் சிறிய டிசைன் கடை வைத்திருக்கிறேன். பேக்கரி, சிப்ஸ் கடை, தேன் வியாபாரி, லாட்ஜ், திருவிழா நோட்டீஸ், அஞ்சலி போஸ்டர் என்று எல்லா வேலையும் வரும். இப்போது வருகிறவர்கள், 'மொபைலிலேயே ஏ.ஐ. இலவசமாகப் போட்டுத் தருகிறதே, நீ எதற்குக் காசு கேட்கிறாய்?' என்கிறார்கள். நான் எந்தக் கருவியைப் படிக்க வேண்டும்? எந்த வேலைக்கு அதை நம்பலாம்? கட்டணத்தை எப்படி வைப்பது?"

உங்கள் வாடிக்கையாளர் சொல்வது பாதி உண்மை. படம் வந்துவிடுகிறது. அச்சுக்குப் போகக்கூடிய கோப்பு வருவதில்லை. அந்த இடைவெளியில்தான் இனி உங்கள் பிழைப்பு இருக்கிறது. அந்த இடைவெளி எவ்வளவு அகலம் என்று தெரிந்துகொண்டால் பயமும் தேவையில்லை, "ஏ.ஐ. தொடவே மாட்டேன்" என்ற வீம்பும் தேவையில்லை.

முதலில் எழுத்து. சாட்ஜிபிடியிடமோ ஜெமினியிடமோ "பேக்கரி திறப்பு விழா போஸ்டர், தமிழில்" என்று கேட்டுப் பாருங்கள். தலைப்பில் இரண்டு சொல் சரியாக வரலாம். கீழே முகவரிக்கு வரும்போது 'ழ'வும் 'ள'வும் குழம்பிப் புதிதாக ஓர் எழுத்தே பிறந்திருக்கும். பட உருவாக்கி எழுத்தையும் ஓவியமாகவே வரைகிறது. நம் எழுத்துருக்கள் வேலை செய்வதுபோல் எழுத்துகளைக் கோப்பதில்லை. 'கொ' என்பதில் ஒரு குறி முன்னாலும் ஒரு குறி பின்னாலும் நிற்க வேண்டும் என்ற ஒழுங்கை அது கண்ணளவில்தான் பழகியிருக்கிறது. அது பழகிய படங்களில் ஆங்கிலம் மலைபோல் இருந்தது, தமிழ் கையளவுதான். புதிய பதிப்புகளில் நிலைமை தேறி வருகிறது. ஆனாலும் தொலைபேசி எண்ணும் விழாத் தேதியும் இருக்கும் நோட்டீஸை அதனிடம் முழுதாக ஒப்படைப்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான். "எழுத்தே வேண்டாம், மேல் பாதியை வெறுமையாக விடு" என்று கட்டளையிலேயே சொல்லிவிடுங்கள். எழுத்தை நீங்கள் போடுங்கள்.

அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஏ.ஐ. எழுதித் தரும் தமிழ், மொபைலும் இணையமும் பயன்படுத்தும் பொதுக் குறியீடான யூனிகோடில் இருக்கும். நம் பக்கத்து அச்சகங்கள் பலவற்றில் இன்றும் பழைய கோரல் டிரா மென்பொருளும், யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில், டேம், டேப் வகை எழுத்துருக்களும்தான் ஓடுகின்றன. சாட்ஜிபிடியிலிருந்து நகலெடுத்துப் பாமினியில் ஒட்டினால் கட்டங்கட்டமாக வரும். இதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. யூனிகோடிலிருந்து பாமினிக்கும் டேமுக்கும் நொடியில் மாற்றித் தரும். மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பார்ப்பது கட்டாயம். கிரந்த எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் அடிக்கடி இடம் மாறிவிடும். பழைய போட்டோஷாப் வைத்திருந்தால், எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்காதவரை ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

என் யோசனை, புதிய வேலைகளையாவது யூனிகோடிலேயே தொடங்குங்கள். கூகுள் எழுத்துரு நூலகத்தில் முக்தா மலர், கேட்டமரன், மீரா இனிமை, பலூ தம்பி, ஹிந்த் மதுரை, நோட்டோ செரிஃப் தமிழ் என்று நல்ல எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிக வேலைக்குப் பயன்படுத்தவும் தடையில்லை. அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துகளைக் கர்வ் ஆக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி பிடிஎஃப் ஆகக் கொடுத்துவிட்டால், அங்கே எந்த எழுத்துரு இருக்கிறது என்ற கவலை உங்களுக்கு இல்லை.

அடுத்தது அளவு. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏ.ஐ. படம் பெரும்பாலும் 1024 பிக்சல் அகலத்தில் இருக்கும். நல்ல அச்சுக்குரிய 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது மூன்றரை அங்குலம்கூட வராது; ஒரு விசிட்டிங் கார்டின் அகலத்துக்குக் கிட்டத்தட்ட போதும், அவ்வளவே. அதே படத்தைப் பத்தடி அகல ஃபிளெக்ஸில் போட்டால் 120 அங்குலத்துக்கு 1024 பிக்சல், அதாவது ஓர் அங்குலத்துக்கு எட்டரைப் புள்ளி. வாட்ஸ்அப் அதன் தரத்தை இன்னும் குறைத்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்ஸ்கேல் போன்ற இலவசப் பெரிதாக்கியில் நான்கு மடங்கு ஆக்கினால் 4096 பிக்சல், அங்குலத்துக்கு 34 புள்ளி. சாலையில் போகிறவர் தூரத்திலிருந்து பார்க்கும் போர்டுக்கு இது தாங்கும். கடை வாசலில் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும் விலைப்பட்டியலுக்குத் தாங்காது. இந்தக் கணக்கை வாடிக்கையாளர் முன்னால் ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். "இலவசமாக வருகிறதே" என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

நிறமும் சிக்கல்தான். ஏ.ஐ. படங்கள் திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி) நிறத்தில் வருகின்றன. கன்னியாகுமரிக் கடல் என்றால் ஒரு மின்னும் நீலத்தை அள்ளிப் பூசும். அச்சின் நான்கு நிற சிஎம்ஒய்கே மையில் அந்த நீலம் கிடையாது, மங்கிப்போகும். வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கும்போது சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிய படத்தையே காட்டுங்கள். திரையில் பளபளப்பைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டு அச்சில் மங்கலைக் கொடுத்தால் சண்டை உங்கள் கடையில்தான் நடக்கும்.

இனி, நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய தலைவலிக்கு வருகிறேன். இந்தக் கருவிகளுக்கு நம் ஊர் தெரியாது. "வாழைப்பழம்" என்றால் பளபளவென்று தடித்து வளைந்த சூப்பர் மார்க்கெட் பழத்தைத்தான் தரும். மட்டிப்பழம் கேட்டாலும் அதுவே, ஏத்தன் (நேந்திரன்) கேட்டாலும் அதுவே. மட்டி சிறியது, ஒல்லியானது. ஏத்தன் நீண்டு, பட்டை பட்டையாக விளிம்போடு இருப்பது. செவ்வாழையான செந்துளுவனின் நிறமே வேறு. இவற்றை நாள்தோறும் கையில் எடுத்துப் பார்க்கிற மக்களிடம் அந்தப் படத்தோடு சிப்ஸ் விற்கப் போனால் ஒரு பார்வையில் சிரித்துவிடுவார்கள். தேன் என்றால் மரக்கரண்டியும் சூரியகாந்தியும் அறுகோண அடையும் வரும். மார்த்தாண்டம் தேனில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துத் தேன். ரப்பர் மரத்தில் தேனீ இனிப்புச் சாறு எடுப்பதே பூவிலிருந்து அல்ல, இளம் இலைக்காம்பில் சுரப்பதிலிருந்து. சூரியகாந்தி எங்கிருந்து வந்தது? ரப்பர் மரங்களுக்கு நடுவே வரிசையாக நிற்கும் மரப்பெட்டிகளை மொபைலில் எடுத்தால் அதைவிட நல்ல லேபிள் படம் கிடைக்கும். அதை எந்த வெளியூர்க்காரனும் வைத்திருக்க மாட்டான்.

கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைக் கேட்டால் இன்னும் மோசம். கையில் சுவடியோடு தாடி வைத்த யாரோ ஒரு முனிவர் ஆசீர்வதித்துக்கொண்டு நிற்பார். உண்மையான சிலையில் வலக்கையின் மூன்று விரல்கள் அறம், பொருள், இன்பத்தைக் குறித்து உயர்ந்திருக்கின்றன. இடுப்பில் மெல்லிய வளைவு இருக்கிறது. 38 அடிப் பீடமும் 95 அடிச் சிலையும் சேர்ந்து 133 அடி. இந்த விகிதம் மாறினால் உள்ளூர்க் கண்ணுக்குப் பொம்மையாகத் தெரியும். 2024 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலமும் வேண்டும். விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளத்துக்கு அது நிற்கிறது. பழைய படங்களில் அது இல்லை, ஏ.ஐ. தன் மனம்போல் ஒரு தொங்குபாலத்தைக் கட்டிவிடுகிறது. லாட்ஜ்காரருக்கு இந்தப் படம் வேண்டுமென்றால் ஒரு காலையில் கரைக்குப் போய் எடுத்துவிடுங்கள். ஆண்டு முழுக்கப் பயன்படும்.

வழிபாட்டு வேலைகளில் ஏ.ஐ. படத்தைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அம்மன் கொடை நோட்டீஸுக்கு இசக்கியம்மன் கேட்டால் துர்க்கையையோ காளியையோ தரும். கையில் குழந்தையோடு இருக்கும் நம் இசக்கியை அதற்குத் தெரியாது. பங்குத் திருவிழாவுக்குச் சவேரியார் படம் கேட்டால் ஐரோப்பிய ஓவியத்திலிருந்து யாரையாவது இறக்கும். பங்குமக்களுக்கு வேண்டியதோ தங்கள் ஆலயத்துச் சுரூபம், தங்கள் தேர். எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது அய்யாவழி வேலை. அவர்களின் வழிபாட்டிடங்களான பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் சிலை கிடையாது, பள்ளியறையில் கண்ணாடிதான். தாமரையும் சுடர் வடிவ நாமமும்தான் சின்னம். அது தெரியாத கருவி நடுவில் ஒரு விக்கிரகத்தை உட்கார வைத்து, சுற்றிலும் தீபாராதனையும் காட்டிவிடும். அந்த நோட்டீஸ் அச்சாகி ஊருக்குள் போய்விட்டால், கருவியின் தவறு என்று சொல்லித் தப்ப முடியாது. கோயில் கமிட்டியிடமும் பங்குப் பேரவையிடமும் அவர்கள் ஒப்புக்கொண்ட படத்தைக் கேட்டு வாங்குங்கள். பின்னணிக்கு நிறமும் பூவேலையும் போதும்.

அஞ்சலி போஸ்டர், நினைவு நாள் விளம்பரம் போன்றவை உங்கள் கடைக்கும் அன்றாட வேலையாகத்தான் இருக்கும். வீட்டார் கொண்டுவருவது ரேஷன் கார்டில் இருந்தோ, பழைய கல்யாண ஆல்பத்தின் ஓரத்தில் இருந்தோ எடுத்த கட்டைவிரல் அளவுப் படம். முகத்தைத் தெளிவாக்கும் ஏ.ஐ. கருவியில் போட்டால் அற்புதமாகத் தெளிவாகும். ஆனால் அந்தக் கருவி இல்லாத விவரத்தை மீட்பதில்லை, கற்பனை செய்கிறது. மங்கலான கண் இருந்த இடத்தில் அது பழகிய ஆயிரம் கண்களின் சராசரியை வைக்கும். பல் வரிசை சீராகும், மூக்கு சற்றுக் கூர்மையாகும், நெற்றி வடு மறையும். உங்களுக்கு நல்ல படமாகத் தெரியும். மகள் பார்த்ததும் "இது எங்கள் அப்பா இல்லை" என்பார். இங்கே கருவியின் தாக்கத்தைக் குறைத்து வையுங்கள்: தூசு, கீறல், மடிப்பு இவற்றை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். முகத்தைத் தெளிவாக்கும் அடுக்கைத் தனியாக வைத்து முப்பது, நாற்பது சதவீத அளவில் மூலப் படத்தோடு கலந்து பாருங்கள். மங்கலாக இருந்தாலும் அவர் முகமாக இருக்கட்டும். வேட்டி சட்டையை மாற்றுவது, பின்னணியை நீக்குவது இவற்றில் யாருக்கும் ஆட்சேபம் வராது, அங்கே தாராளமாக ஏ.ஐ.யைப் பயன்படுத்துங்கள்.

அப்படியானால் இது எதற்குத்தான் நல்லது? நிறையவற்றுக்கு. முன்பு பென் டூலில் மணிக்கணக்கில் வெட்டிய பின்னணி நீக்கம் இப்போது நொடி வேலை. போட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் 2023-இல் வந்தது; குறுக்கே போகும் மின்கம்பியை நீக்கவும், நிமிர்ந்த படத்தை அகலப் போர்டுக்கு நீட்டவும் அதற்கு இணையில்லை. அடோபியின் பட உருவாக்கியான ஃபயர்ஃபிளை, உரிமம் பெற்ற படங்களிலும் பதிப்புரிமை முடிந்த படங்களிலும் பயிற்றப்பட்டதாக அந்த நிறுவனம் சொல்கிறது. வணிக வேலைக்கு அது ஓரளவு நிம்மதி. கேன்வாவில் ஒரே டிசைனைப் பல அளவுகளுக்கு மாற்றுவது எளிது. முதல் சந்திப்பில் வாடிக்கையாளருக்கு என்ன வேண்டுமென்றே தெரியாதபோது நான்கு ஐந்து மாதிரிகளைப் பக்கத்தில் வைத்து "இதில் எது?" என்று கேட்க ஏ.ஐ.யைவிட நல்ல உதவியாள் கிடையாது.

சிப்ஸ் பாக்கெட் விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாக்கெட்டை ஜன்னல் ஓரத்தில் வெள்ளைச் சார்ட் தாளில் வைத்து மொபைலில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பான உறையில் வெள்ளைத் திட்டு விழும். பின்னணியை நீக்குங்கள். பிறகு ஏ.ஐ.யிடம் பின்னணி மட்டும் கேளுங்கள்: பழைய பலகை மேசை, ஒரு ஓரத்தில் வாழையிலை, இடப்பக்கத்து ஜன்னலிலிருந்து காலை வெளிச்சம், நடுவில் காலி இடம், பொருள் எதுவும் கூடாது. வெளிச்சத்தின் திசையைச் சொல்ல மறக்காதீர்கள். பாக்கெட்டில் வலப்பக்கம் வெளிச்சமும் மேசையில் இடப்பக்கம் வெளிச்சமும் இருந்தால் பார்க்கிறவருக்குக் காரணம் புரியாமலேயே படம் பொய்யாகத் தெரியும். பாக்கெட்டை மேலே வைத்து, அடியில் மெல்லிய நிழல் கொடுங்கள். பாக்கெட் படத்தையே உள்ளே கொடுத்து "அழகாக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். கருவி முழுப் படத்தையும் திரும்ப வரையும். கடைப் பெயரில் ஒரு துணைக்கால் மறையும், நிகர எடை 200 கிராம் 250 ஆகியிருக்கும்.

லேபிள் விஷயத்தில் சட்டம் குறுக்கே நிற்கிறது. உணவுப் பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண், அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரித்த நாள், புகார் தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், ஏ.ஐ. அதற்குப் பதில் ஓர் இலையை வரையும். முட்டை சேர்ந்த கேக்குக்கு அசைவக் குறி, பழுப்புச் சதுரத்துக்குள் முக்கோணம். தேனுக்குப் பச்சைக் குறிதான். விதியே தேனை அசைவத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஏ.ஐ. லேபிள்களில் தங்க முத்திரைகள் தாமாகவே முளைக்கும், அவற்றைக் கண்டவுடன் அழியுங்கள். மட்டிப்பழமும் மார்த்தாண்டம் தேனும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால் அந்தச் சின்னத்தைப் போட உரிமை உள்ளவர், புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்தவர் மட்டுமே. சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கிவிட்டுப் போடுங்கள்.

லாட்ஜ் அறையின் ஜன்னலை ஏ.ஐ.யால் அகலமாக்கி அதில் கடலையும் சிலையையும் வைத்துத் தரச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, திசைதிருப்பும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். நடிகர்களின் முகத்தை ஏ.ஐ.யில் செய்து நகைக்கடைத் திறப்புக்குப் போடுவதும் அப்படித்தான். 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம் நடிகர் அனில் கபூரின் முகத்தையும் குரலையும் அனுமதியின்றிப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது.

பெயர்ப்பலகை வேலையில், எல்லையோரம் என்பதால் களியக்காவிளைப் பக்கம் மலையாளமும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்ற வரிசையில் 5:3:2 அளவு விகிதம் விதியில் இருக்கிறது. ஏ.ஐ. மொழிபெயர்த்த மலையாளத்தை, மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்காமல் அக்ரிலிக்கில் வெட்டாதீர்கள்.

லோகோ பற்றிச் சுருக்கமாக. ஏ.ஐ. தரும் லோகோ எல்லாருக்கும் தரும் லோகோ: இரண்டு தென்னை, ஓர் அலை, அஸ்தமிக்கும் சூரியன். கன்னியாகுமரியில் உள்ள விடுதிகளில் பாதி இப்படித்தான் தெரிகின்றன. அதைக் கருத்து மாதிரியாக வைத்துக்கொண்டு, இங்க்ஸ்கேப்பிலோ கோரலிலோ நீங்களே கோடு கோடாக வெக்டராக (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவமாக) வரையுங்கள். ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டருக்கும் எல்இடி எழுத்துக்கும் வெக்டர்தான் வேண்டும். கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்று நம் பதிப்புரிமைச் சட்டம் 1957 சொல்கிறது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமோ 2025-இல் மனிதர்தான் ஆசிரியராக இருக்க வேண்டும் என்றது. ஆகவே வாடிக்கையாளருக்கு உண்மையான பாதுகாப்பு வணிகக்குறிப் பதிவுதான்: தனிநபரும் சிறு நிறுவனமும் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவுக்கு முன் அரசு இணையதளத்தில் ஒத்த குறிகளைத் தேடிப் பார்ப்பதை உங்கள் சேவையாகவே சேர்த்துக்கொள்ளலாம்.

கட்டணம். பல அச்சகங்கள் ஃபிளெக்ஸ் அடித்தால் டிசைன் இலவசம் என்று பழக்கிவிட்டதுதான் உங்கள் முதல் எதிரி, ஏ.ஐ. அதற்குப் பிறகுதான். பில்லில் டிசைனையும் அச்சையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். டிசைன் வரியில் என்ன அடங்கும் என்றும் எழுதுங்கள்: எழுத்துச் சரிபார்ப்பு, அச்சுக்கேற்ற கோப்பு, வாட்ஸ்அப்புக்கும் ஸ்டேட்டஸுக்கும் தனி அளவு, இரண்டு முறை திருத்தம். மூன்றாவது திருத்தத்துக்குத் தனிக் காசு. அச்சுக்கு அனுப்பும் முன் பெயர், தேதி, தொலைபேசி எண்ணை வாடிக்கையாளர் படித்து "சரி" என்று வாட்ஸ்அப்பில் எழுதித் தர வேண்டும். வாடிக்கையாளர் தானே ஏ.ஐ.யில் செய்த படத்தோடு வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். அதை அச்சுக்குத் தயாராக்கித் தருவதற்கு ஒரு கட்டணம் வையுங்கள். அந்த வேலை இனி கூடத்தான் போகிறது.

கருவிகளில், மாதக் கட்டணம் கட்ட ஒன்றுக்குத்தான் வசதி என்றால் போட்டோஷாப்புக்குக் கட்டுங்கள். மற்றவற்றின் இலவசப் பதிப்பே தொடக்கத்துக்குப் போதும். பணம் கட்டி "ஏ.ஐ. டிசைன் படிப்பு" சேர வேண்டாம், அங்கே சொல்லித்தரும் கட்டளைகள் ஆறு மாதத்தில் பழசாகிவிடும். அந்தப் பணத்தில் நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் அச்சகத்தில் ஒரு நிறச் சோதனைப் பட்டை அடித்து வாங்குங்கள்: கடல்நீலம், இலைப்பச்சை, காவி, குங்குமச் சிவப்பு, தேன் நிறம், ஒவ்வொன்றிலும் ஐந்து சாயல், பக்கத்தில் சிஎம்ஒய்கே எண்கள். ஃபிளெக்ஸில் ஒன்று, ஆர்ட் பேப்பரில் ஒன்று. மேசைக்கு மேலே ஒட்டி வைத்து, வாடிக்கையாளர் மொபைலில் காட்டும் நீலத்துக்கு நேராக அதை வைத்துப் பேசுங்கள்.